4.99 சதவீதம்: இங்கிலாந்தின் கவுன்ட்டி கவுன்சில் கூட்டத்தில் உண்மையில் எது முடிவாகிறது?

மார்ச் மாதம் வந்தால் இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு கவுன்சில் டாக்ஸ், அதாவது உள்ளாட்சிக்கான வீட்டுவரிக் கடிதம் வந்து விழும். பிரித்துப் பார்த்தால் கவுன்ட்டி என்ற மேலடுக்கு உள்ளாட்சியின் பங்கு போன வருடத்தைவிட 4.99 சதவீதம் கூடுதல். முந்தைய வருடமும் பெரும்பாலும் அதே 4.99. பக்கத்து கவுன்ட்டியில் இருக்கும் சொந்தக்காரரைக் கேட்டால் அங்கேயும் 4.99 அல்லது அதை ஒட்டிய எண். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு போட்டார்களா என்று சந்தேகம் வருவது இயல்புதான்.

பிப்ரவரியில் நடக்கும் பட்ஜெட் கூட்டத்தை இணையத்தில் நேரலையாகப் பார்த்தவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூடும். மணிக்கணக்கில் வாக்குவாதம், திருத்தங்கள், கைதட்டல், கூச்சல். முடிவில் சில வாரங்களுக்கு முன்பே செய்தியில் வந்த அதே எண் அப்படியே நிறைவேறும். அப்புறம் எதற்கு இந்தக் கூட்டம்? அங்கே முடிவாவது எது, முடிவாகாதது எது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

கவுன்ட்டி கவுன்சில் என்பது எது

கவுன்ட்டி என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும்: சர்ரே, கென்ட், எஸெக்ஸ், லங்காஷயர். அந்தப் பெயர்களில் பல இன்றும் நிர்வாகப் பகுதிகளின் பெயர்கள். 1888-இல் வந்த சட்டத்தின்படி 1889-இல் முதல் கவுன்ட்டி கவுன்சில்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இப்போதைய அமைப்புக்கு அடிப்படை 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் கவுன்ட்டி கவுன்சில்கள் 21. லண்டனில் இந்த அமைப்பு கிடையாது. ஹாரோவிலோ நியூஹாமிலோ இருக்கும் தமிழருக்கு 'பரோ' கவுன்சில் ஒன்றே எல்லாம். லண்டனைத் தாண்டி சர்ரேக்கோ வெஸ்ட் சஸெக்ஸுக்கோ குடிபோனவருக்குத்தான் "எந்த வேலைக்கு எந்த கவுன்சில்" என்ற தலைவலி.

வேலைப் பிரிவினை இப்படி:

1. கவுன்ட்டி: முதியோர், உடல்நலம் குன்றியோர் பராமரிப்பு, குழந்தைகள் பாதுகாப்பு, பள்ளிக்கல்வியில் உள்ளாட்சியின் பொறுப்புகள், நெடுஞ்சாலைத் துறையிடம் இல்லாத சாலைகள், அவற்றின் குழிகள், நூலகம், குப்பையை அழிப்பது.
2. டிஸ்ட்ரிக்ட் (லண்டனுக்கு வெளியே சில இடங்களில் இதற்கும் பரோ என்றே பெயர்): வீட்டுவசதி, கட்டட அனுமதி, குப்பையை அள்ளுவது, கவுன்சில் டாக்ஸ் வசூல்.
3. பாரிஷ்: சிறு பூங்கா, ஊர்க்கூடம் போன்றவை. எல்லா இடத்திலும் இது இருக்காது.

குப்பையை அள்ளுவது ஒருவர், அழிப்பது இன்னொருவர் என்பதைக் கவனியுங்கள். வரிக்கடிதத்தை அனுப்புவது டிஸ்ட்ரிக்ட். பணத்தில் பெரும்பங்கு போவது கவுன்ட்டிக்கு. திட்டு வாங்குவது பெரும்பாலும் கடிதம் அனுப்பியவர்.

4.99 எங்கிருந்து வருகிறது

கவுன்ட்டி நேரடியாக வரி வசூலிப்பதில்லை. "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று டிஸ்ட்ரிக்டுக்குச் சொல்லி அனுப்புகிறது. இந்தக் கோரிக்கைக்கு 'பிரிசெப்ட்' என்று பெயர். அதை மார்ச் 1-க்குள் அனுப்பிவிட வேண்டும். பட்ஜெட் கூட்டங்கள் எல்லாம் பிப்ரவரியில் நெருக்கியடித்துக்கொண்டு நடப்பது இதனால்தான்.

வீடுகள் ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அளவுகோல், அந்த வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்பது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிலாந்தில் மறுமதிப்பீடு நடக்கவில்லை. நேற்றுக் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்கும் 1991 விலையைக் கற்பனை செய்துதான் பிரிவு தருகிறார்கள். நடுவில் இருக்கும் டி பிரிவுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. ஏ பிரிவு அதில் ஒன்பதில் ஆறு பங்கு கட்டும், எச் பிரிவு இரண்டு மடங்கு.

ஒரு கவுன்ட்டியின் டி பிரிவுப் பங்கு 1,700 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் வரும் உயர்வு:

1. பொதுச் செலவுக்கு 2.99 சதவீதம்: 50.83 பவுண்டு.
2. முதியோர் பராமரிப்புக்கென்று தனியாக 2 சதவீதம்: 34 பவுண்டு.
3. ஆக 84.83 பவுண்டு. அதுதான் 4.99 சதவீதம்.

இரண்டாவது பகுதி 2016-17-இல் புதிதாக வந்தது. அதைப் பராமரிப்புக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்பதால் கடிதத்தில் தனியாக அச்சாகிறது.

சரி, ஏன் 5 இல்லை? மத்திய அரசு ஆண்டுதோறும் ஓர் எல்லை வகுக்கிறது. 2023-24 முதல் கவுன்ட்டிகளுக்கு அந்த எல்லை மொத்தம் 5 சதவீதம். எல்லையைத் தொட்டாலே, உயர்வுக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். தொடாமல் நின்றால் வேண்டியதில்லை. ஒரு நூலிழை தள்ளி நிற்கும் எண்தான் 4.99. நெருக்கடியில் விழுந்த சில கவுன்சில்களுக்கு மட்டும் அரசு எல்லையைத் தளர்த்தியது: 2023-24-இல் லண்டனின் கிராய்டன் பரோ 14.99 சதவீதம் உயர்த்தியது அப்படித்தான்.

எல்லை கவுன்ட்டியின் பங்குக்குத்தான், மொத்தக் கடிதத்துக்கு அல்ல. டிஸ்ட்ரிக்ட், போலீஸ் ஆகியவற்றுக்கு வேறு எல்லைகள். பாரிஷுக்கு இதுவரை எல்லையே போடப்படவில்லை. மொத்தத் தொகையின் உயர்வு 4.99-உடன் பொருந்தாமல் போவது அதனால்தான், யாரும் ஏமாற்றவில்லை.

கூட்டம் எப்படி நடக்கும்

கூட்டத்துக்கு ஐந்து வேலைநாள் முன்பே நிகழ்ச்சிநிரலும் அறிக்கைகளும் வெளியாகிவிட வேண்டும். பட்ஜெட் கூட்டத்தின் கட்டு நூற்றுக்கணக்கான பக்கம் வரும். மொத்த உறுப்பினர்களில் கால் பங்கினர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்; இதற்குக் கோரம் என்று பெயர். 81 பேர் கொண்ட சர்ரேயில் 21. நேரில் வர வேண்டும். கொரோனா காலத்தில் இணையவழிக் கூட்டத்துக்குத் தந்த அனுமதி 2021 மே 7-ஆம் தேதிக்கு முன் நடந்த கூட்டங்களோடு முடிந்தது.

தமிழில் இரண்டு பேரையும் 'தலைவர்' என்று சொல்லிவிடுவதால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கழுத்தில் பதவிச் சங்கிலியோடு நடுவில் உட்கார்ந்திருப்பவர் அவைத்தலைவர். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கூட்டத்தில் முதல் வேலையாக அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேச அழைப்பது, அடக்குவது, ஓட்டு சமமானால் முடிவைத் தீர்மானிக்கும் ஓட்டைப் போடுவது அவர் வேலை. அதிகாரம் இருப்பது கவுன்சில் தலைவரிடம், அதாவது பெரும்பான்மைக் கட்சியின் தலைவரிடம். அவரும் அவரது கேபினெட்டும் சேர்ந்து பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அன்றாட முடிவுகளை எடுப்பது அந்தக் கேபினெட்.

குழப்பத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு எல்லா உறுப்பினர்களும் கூடும் முழு கவுன்சிலிடம் மிஞ்சியது பட்ஜெட், சில முதன்மைக் கொள்கைகள், கவுன்சிலின் சொந்த விதிமுறை என்று ஒரு சின்னப் பட்டியல். ஒரு நூலகத்தை மூடலாமா என்று முழு கவுன்சிலில் காரசாரமாகத் தீர்மானம் கொண்டுவரலாம். வாசகத்தைக் கவனித்தால் "கேபினெட்டைக் கேட்டுக்கொள்கிறது" என்றிருக்கும். கேட்டுக்கொள்ளலாம்; கேபினெட் கேட்காமலும் போகலாம். எதிர்ப்பவர்களுக்கு உள்ள கருவி, முடிவை நிறைவேற்றுவதற்கு முன் ஆய்வுக் குழுவுக்கு இழுப்பது. அதுவும் மறுபடி யோசிக்கச் சொல்லும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சிநிரலின் முற்பகுதி சீக்கிரம் ஓடிவிடும்: வர இயலாதோர், சென்ற கூட்டக் குறிப்பு, சொந்த நலன் இருந்தால் அறிவிப்பு, மனுக்கள், கேள்விகள். பட்ஜெட் நாளில் இடையே ஒரு சங்கடமான நினைவூட்டல் வரும். கவுன்சில் டாக்ஸ் இரண்டு மாதம் பாக்கி வைத்திருக்கும் கவுன்சிலர் அதைச் சபையில் அறிவிக்க வேண்டும். பட்ஜெட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது. மீறினால் அது குற்றம். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இப்படிச் சொல்கிறது. வரி போடுகிறவர் முதலில் வரி கட்டட்டும் என்ற நியாயம்.

பிறகு கவுன்சில் தலைவர் பட்ஜெட்டை முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். எதிர்க்கட்சிகளின் திருத்தங்கள் வரும். ஒரு திருத்தத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் இப்படி இருக்கும்: சாலைக் குழிகளுக்குக் கூடுதலாக 10 லட்சம் பவுண்டு, அதில் பாதி விளம்பரச் செலவைக் குறைத்து, பாதி இருப்பு நிதியிலிருந்து. இதையும் நினைத்த மாத்திரத்தில் எழுந்து நின்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் நிதி அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டி, கணக்குச் சரி என்று அவர் சொன்னபிறகே சபைக்கு வரும். நூறு கோடி பவுண்டு பட்ஜெட்டில் 10 லட்சம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. யானைக்குச் சோளப்பொரிதான். ஆனால் கூச்சல் எல்லாம் அந்தப் பொரிக்குத்தான்.

கட்சி உறுப்பினர்கள் எப்படி ஓட்டுப் போடுவது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே தங்களுக்குள் கூடிப் பேசி முடித்திருப்பார்கள். திருத்தம் தோற்கும். 2014 முதல் பட்ஜெட்டுக்கும் அதன் திருத்தங்களுக்கும் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பெயர்வாரியாகப் பதிவாக வேண்டும். அதிகாரி ஒவ்வொரு பெயராக அழைக்க, "ஆதரவு", "எதிர்ப்பு", "நடுநிலை" என்று பதில் வரும். மூன்று திருத்தம் என்றால் இந்தப் பெயர் அழைப்பு நான்கு முறை. நேரலையில் பார்க்க அலுப்பான கட்டம்தான். ஆனால் அடுத்த தேர்தலுக்குத் துண்டறிக்கை அடிப்பவர்களுக்கு வேண்டிய சரக்கு அங்கேதான் கிடைக்கிறது.

கையைக் கட்டுவது எது

கூட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும் விஷயங்கள் மூன்று.

1. பட்ஜெட் சமநிலையில் இருக்க வேண்டும். அன்றாடச் செலவுக்குக் கவுன்சில் கடன் வாங்கக் கூடாது. கட்டடம், சாலை போன்ற மூலதனச் செலவுக்கு மட்டுமே கடன்.

2. கட்டாயக் கடமைகள். தகுதியுள்ள ஒரு முதியவருக்குப் பராமரிப்புத் தேவை என்று மதிப்பீடு வந்துவிட்டால், பணம் இல்லை என்று கவுன்ட்டி கைவிரிக்க முடியாது. ஆபத்தில் இருக்கும் குழந்தை விஷயத்திலும் அப்படியே. ஒரு கவுன்ட்டியின் செலவில் பாதிக்கு மேல் இந்த இரண்டுக்கும் போய்விடுகிறது. நூலகமும் சட்டப்படி நடத்த வேண்டிய சேவைதான். ஆனால் எத்தனை, எவ்வளவு நேரம் என்பதில் இடம் இருக்கிறது. சாலைக் குழி, நூலகம், கிராமத்துப் பேருந்து மானியம் ஆகியவை எப்போதும் வெட்டுக்கு முன்வரிசையில் நிற்பது அதனால்தான். வேண்டாதவை என்பதால் அல்ல. வெட்ட முடிந்தவை என்பதால்.

3. நிதி அதிகாரியின் அறிக்கை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, மதிப்பீடுகள் நம்பத்தக்கவையா, இருப்பு நிதி போதுமா என்று அவர் எழுதித் தர வேண்டும். கவுன்சில் அதைக் கருத்தில் கொண்ட பிறகே ஓட்டெடுப்பு. கட்டில் உள்ள நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கவுன்சிலர்களின் பேச்சில் கிடைக்காத உண்மை இந்த வறட்டு நடையில் கிடைக்கும்.

கணக்கில் இருந்தும் இல்லாத ஒரு பள்ளமும் உண்டு. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களின் கல்விக்கு அரசு தரும் மானியத்தைவிடக் கவுன்சில்கள் செய்ய வேண்டிய செலவு பல ஆண்டுகளாகக் கூடுதல். அந்தப் பற்றாக்குறையைப் பொதுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அரசு தற்காலிக விலக்கு தந்து, அதை 2028 மார்ச் வரை நீட்டித்தது. இந்த விலக்கு இல்லாவிட்டால் பல கவுன்சில்களின் 'சமநிலை' நிற்காது. இந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் டாக்சி, வேன் செலவுக்கோ அந்த விலக்கும் கிடையாது. அது நேராகப் பொது பட்ஜெட்டில் விழுகிறது.

எல்லையைத் தாண்டப் பார்த்த சர்ரே, 2017

வாக்கெடுப்பு நடத்தியாவது எல்லையைத் தாண்டலாமே என்று கேட்கலாம். இந்த விதியின்கீழ் முடிவுவரை நடந்த வாக்கெடுப்பு ஒன்றே ஒன்று. 2015 மே மாதம் பெட்ஃபர்ட்ஷயர் போலீஸ் ஆணையர் 15.8 சதவீத உயர்வு கேட்டார், மக்கள் மறுத்துவிட்டார்கள்.

2017 ஜனவரியில் சர்ரே கவுன்ட்டி கவுன்சில் 15 சதவீத உயர்வுக்கு வாக்கெடுப்பு நடத்தப்போவதாக அறிவித்தது. காரணம் முதியோர் பராமரிப்புச் செலவு. அறிவித்தவர் கவுன்சில் தலைவர், கன்சர்வேட்டிவ் கட்சியின் டேவிட் ஹாட்ஜ். அதே கட்சியின் நிதியமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட், சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட் இருவருடைய தொகுதிகளும் சர்ரேயில். அரசுக்கு இதைவிடச் சங்கடம் வேண்டுமா?

பிப்ரவரி 7, பட்ஜெட் கூட்டம். இடம் கிங்ஸ்டனில் 1893-இல் திறந்த கவுன்ட்டி ஹால். கிங்ஸ்டன் 1965-லேயே சர்ரேயை விட்டு லண்டனோடு சேர்ந்துவிட்டது. சர்ரே கவுன்சில் மட்டும் அரை நூற்றாண்டு தாண்டியும் தன் எல்லைக்கு வெளியே உட்கார்ந்து ஆண்டுகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் ஹாட்ஜ் எழுந்து 15 சதவீதத்தைக் கைவிடுவதாகச் சொன்னார். நிறைவேறியது 4.99.

மறுநாள் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின், ஹாட்ஜ் 'நிக்' என்ற ஒருவருக்கு எழுதியதாகக் கசிந்த குறுஞ்செய்திகளைப் படித்துக் காட்டினார். அரசு அதிகாரிகள் ஒரு தீர்வு தேடிக்கொண்டிருப்பதாக அவற்றில் இருந்தது. தனிச்சலுகை எதுவும் இல்லை என்று அரசு மறுத்தது. உடன்பாடு இருந்ததோ இல்லையோ, ஒன்று மட்டும் வெளிப்படை: கூட்டத்தில் அறிவிக்கப்பட்ட முடிவு கூட்டத்தில் எடுக்கப்பட்டதல்ல.

கணக்கு உடைந்த நார்த்தாம்ப்டன்ஷயர், 2018

சமநிலை காட்ட முடியாவிட்டால்? 1988-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், 114-ஆம் பிரிவு. நிதி அதிகாரி ஒரு நோட்டீஸ் கொடுப்பார். அன்று முதல் கட்டாயச் செலவு தவிரப் புதுச் செலவு எதுவும் இல்லை; 21 நாளுக்குள் கவுன்சில் கூடி அதைப் பரிசீலிக்க வேண்டும். செய்தித்தாள்கள் இதை 'திவால்' என்று எழுதுகின்றன. சட்டத்தில் உள்ளாட்சிக்குத் திவால் கிடையாது. ஊழியருக்குச் சம்பளம் வரும், வாங்கிய கடனும் அடைபடும்.

2018 பிப்ரவரி 2-ஆம் தேதி நார்த்தாம்ப்டன்ஷயர் கவுன்ட்டியில் இந்த நோட்டீஸ் வந்தபோது, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இங்கிலாந்து பார்த்த முதல் நோட்டீஸ் அது. 5.3 கோடி பவுண்டில் கட்டிய புதுத் தலைமையகத்தைத் திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதை விற்று, வாங்கியவரிடமே வாடகைக்கு இருக்கும்படி ஆனது. அந்த மாதமே தணிக்கையாளர் கேபிஎம்ஜி, முன்வைக்கப்பட்டிருந்த பட்ஜெட் சட்டவிரோதமாகலாம் என்று எச்சரிக்க, திருத்திய பட்ஜெட்டை மாதக் கடைசியில் நிறைவேற்றினார்கள். 21 நூலகங்களை மூடும் திட்டத்தை ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்கு முன்பே ஜூலையில் இரண்டாவது நோட்டீஸ் வந்துவிட்டது.

பணப் பற்றாக்குறைதான் காரணம் என்று கவுன்சில் சொன்னது. அரசு அனுப்பிய ஆய்வாளர் மேக்ஸ் காலர் அதை ஏற்கவில்லை. இதே நெருக்கடியில் மற்ற கவுன்ட்டிகள் சமாளிக்கும்போது இங்கே மட்டும் பட்ஜெட் கட்டுப்பாடே இல்லை என்பது அவர் கண்டது. அவருடைய பரிந்துரை, கவுன்சிலையே கலைத்துவிடுவது. 2021 ஏப்ரல் 1 முதல் அந்த இடத்தில் வடக்கு, மேற்கு என்று இரண்டு புதிய ஒற்றை அடுக்குக் கவுன்சில்கள்.

இப்போது மாறுவது

அன்று தண்டனையாக வந்த ஏற்பாடு இன்று பொதுக் கொள்கையாகிவிட்டது. 2024 டிசம்பரில் வெளியான வெள்ளை அறிக்கை, கவுன்ட்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டடுக்கை இங்கிலாந்து முழுவதும் நீக்கி ஒற்றைக் கவுன்சில்களாக்கச் சொல்கிறது. முதல் வரிசையில் சர்ரே. அதைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாக்கி 2027 ஏப்ரல் முதல் நடத்தப்போவதாக அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது.

இதனால் 4.99 மறையாது. ஒற்றைக் கவுன்சில்களுக்கும் இதே வகையான எல்லைதான். மாறுவது கணக்கின் இன்னொரு பக்கம். மேற்கு சர்ரேக்குள் வரும் வோக்கிங் பரோ, வணிகக் கட்டடங்களில் முதலீடு செய்து கிட்டத்தட்ட 200 கோடி பவுண்டு கடனில் மாட்டி, 2023 ஜூனில் 114 நோட்டீஸ் கொடுத்த இடம். அதில் 50 கோடி பவுண்டை அடைக்க அரசு முன்வந்திருக்கிறது. மீதி யார் தலையில் என்பதுதான் அதே மேற்கு சர்ரேக்குள் வரும் கில்ட்ஃபர்டிலும் ஃபார்ன்ஹாமிலும் இருப்பவர்களின் கேள்வி. அவர்கள் பிப்ரவரிக் கட்டில் தேட வேண்டிய பக்கமும் அதுதான்.